ஒரு வருஷம் தள்ளிக் கேட்ட கடிதம்

நான் தட்டி வைத்திருந்த கடிதத்தின் முதல் வரியைப் பெரியவள் முழுசாக அழித்தாள். "தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால்" என்பதை ஆங்கிலத்தில் எவ்வளவு குனிந்து சொல்ல முடியுமோ அவ்வளவு குனிந்து எழுதியிருந்தேன். என் மேல் தப்பில்லை. மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா, நான். நான் எழுதும் மலாய்க் கடிதங்கள் எல்லாமே 'டெங்கான் செகாலா ஹொர்மாத்ஞா' என்று கும்பிடு போட்டுத்தான் ஆரம்பிக்கும். கீபோர்டில் கை வைத்தாலே கும்பிடு வந்துவிடும்.

"அப்பா, நாம தப்பு ஒண்ணும் பண்ணலையே" என்றாள்.

அது 2023 மே மாதம். இப்போது அதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தங்கச்சி மகன் போன் செய்தான். அவனுக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஒரு வருஷம் கழித்துப் போக ஆசைப்படுகிறான். "மாமா, அக்கா காலேஜுக்கு எழுதின அந்த லெட்டரைக் கொஞ்சம் அனுப்புங்களேன், பேரை மட்டும் மாத்திக்கிறேன்" என்றான். அனுப்பவில்லை. அது அவனுக்கு உதவாது. ஏன் என்று வாட்ஸ்அப்பில் சொல்ல ஆரம்பித்தேன்; விரல் வலித்தது, விஷயம் முடியவில்லை. அதனால் இங்கே.

பெரியவளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது மார்ச் கடைசியில். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம், குளிர் அதிகமான ஊரில் ஒரு சின்னக் கல்லூரி. அந்த மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஏழு, இங்கே காலை ஏழு. நான் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. என் சம்பளக் கணக்கை வரிவரியாகக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். விமான டிக்கெட், விசா, குளிர் உடுப்பு, கைச்செலவு நம் பாடு. மனைவி விளக்கேற்றிய கையோடு வெளியே போனவள் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். அதற்குள் எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பதினான்காவது மாடி முழுக்கச் செய்தி போய்விட்டது.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து இரண்டு நாள் இருக்கும். இரவுச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்பா, நான் ஒரு வருஷம் கழிச்சுப் போகட்டுமா?" என்றாள்.

சின்னவன் தலைநிமிர்ந்து பார்த்தான். மனைவி பார்க்கவில்லை. அதிலிருந்தே இது அம்மாவுக்கு முன்பே தெரிந்த சங்கதி என்று விளங்கியது.

படிப்பைத் தள்ளிப்போடுவதற்கு மலாயில் 'தங்குஹ்' என்பார்கள். நம் காதுக்கு அது 'தங்கு' என்றுதான் விழும். என் கதையில் அப்படியே ஆயிற்று. ஒரு வருஷம் தங்குஹ் என்று போனேன், அங்கேயே தங்கிவிட்டேன்.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மை நான் எழுதியது 1988இல். நிபோங் தெபால் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்தது. எங்கள் லயத்தில் அதுவரை யாரும் ஐந்தாம் படிவம் தாண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. ரப்பர் பால் வெட்ட முடியவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இலிருந்தே நடந்துகொண்டிருந்தது. 1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு எங்கள் பெருநிலக் கரையிலிருந்து ஃபேக்டரி பஸ்கள் நேராக அங்கே போக ஆரம்பித்தன. காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் நின்றால் ஏற்றிக்கொள்வார்கள். ஆறாம் படிவப் பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். "சரி, அடுத்த வருஷம் வா, பார்க்கலாம்" என்றார். வாய்ச்சொல்தான். நான் எழுதித் தாருங்கள் என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது.

ஃபேக்டரியில் சேர்ந்தேன். அந்த வருஷம், 1989 ஆகஸ்டில், ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். ஹோண்டா, சிவப்பு, முன்னால் வெள்ளைக் கூடை. இருபத்துநான்கு மாதத் தவணை. ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாமே என்றுதான். இப்போது யோசித்தால், என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைத்தது அப்பாவின் இடுப்புகூட இல்லை, அந்த மோட்டார் சைக்கிள்தான். அடுத்த ஜனவரி வந்தபோது இன்னும் பத்தொன்பது மாதம் கட்ட வேண்டியிருந்தது. பொறுப்பாசிரியரைப் பார்க்கப் போகவே இல்லை. போயிருந்தால் சேர்த்திருப்பாரோ என்னவோ. அவரை ஒரு முறை நிபோங் தெபால் சந்தையில் தூரத்தில் பார்த்து, கத்தரிக்காய்க் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இதையெல்லாம் அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

அவள் சொன்ன காரணங்கள் எனக்குக் காரணங்களாகவே படவில்லை. ஒன்று, களைத்துப்போய்விட்டாளாம். தமிழ்ப்பள்ளி ஆறு வருஷம், ரிமூவ் எனும் புகுமுக வகுப்பு ஒரு வருஷம், ஐந்து படிவம், ஆறாம் படிவம். ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வின் மூன்று பருவத்துக்கும் விடிய விடியப் படித்தவள்தான். ஆனால் 'களைப்பு' என்பதை நம் வீடுகளில் யார் காரணமாக ஒப்புக்கொள்வார்கள்? பால் வெட்டியவர்களுக்கு இல்லாத களைப்பா? இரண்டாவது, பணம். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் நான் கூட்டுறவுக் கடன் வாங்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. லிட்டில் இந்தியாவில் என் அக்காவின் பூக்கடையில் ஒரு வருஷம் உட்கார்ந்து பூக்கட்டப் போகிறாளாம். "அத்தைக்கு அப்புறம் அந்தக் கை நம்ம வீட்ல யாருக்கும் வராதுப்பா" என்றாள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தே ஓ குடித்துக்கொண்டே, "கிடைச்சதை விட்டா திரும்பி வருமா? இதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைங்க செய்யறது" என்றார். அதற்குள் நானும் கொஞ்சம் படித்திருந்தேன். 2016இல் ஒபாமாவின் மூத்த மகள் மாலியா ஹார்வர்டில் இடம் கிடைத்தும் ஒரு வருஷம் தள்ளி, 2017இல்தான் சேர்ந்தார் என்று எடுத்துவிட்டேன். "அதைத்தான் நானும் சொல்றேன், ஒபாமா வீட்ல கூட்டுறவுக் கடன் இல்ல" என்றார் மச்சான். பதில் சொல்ல முடியவில்லை. முறுக்கை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

இங்கே ஒரு விஷயம். நம் பிள்ளைகள் எல்லாருமே ஒரு விதத்தில் இடைவெளி எடுப்பவர்கள்தாம். எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவு வரும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். பேரங்காடியில் காலணிக் கடையில் நிற்கிறார்கள், நாசி கண்டார் கடையில் தட்டு எடுக்கிறார்கள். அதற்கு யாரும் பேர் வைப்பதில்லை, யாரும் பயப்படுவதும் இல்லை. கையில் இடம் கிடைத்த பிறகு நிற்பதுதான் பயம்.

ஒரு வாரம் கழித்து நான் கேட்ட ஒரே கேள்வி: "அந்த இடம் உனக்காகக் காத்திருக்கும்னு அவங்க எழுதித் தருவாங்களா?"

"தருவாங்க. கேக்கணும்" என்றாள்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். முதலில் இடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு மே 1தான் பதில் சொல்லக் கடைசி நாள். அதற்குள் 'வருகிறேன்' என்று சொல்லி, முன்பணம் கேட்டால் கட்டி, இடத்தை நம் பேருக்கு ஆக்கிவிட்டு, பிறகுதான் 'இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம்' என்று கேட்பது. நான் தலைகீழாக நினைத்திருந்தேன். முதலிலேயே கேட்டுவிடுவதுதான் மரியாதை என்று. ஒப்புக்கொள்ளாத இடத்தை எப்படித் தள்ளிவைப்பது என்று அவள் கேட்டபோதுதான் உறைத்தது. அவள் ஏப்ரல் 27ஆம் தேதியே ஒப்புதல் அனுப்பிவிட்டாள். எங்கள் வருமானத்தைப் பார்த்து முன்பணத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

கடிதம் நான்கு தடவை எழுதப்பட்டது. முதலாவது என்னுடையது, கும்பிடு போட்டது. இரண்டாவதும் என்னுடையதுதான், அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஃபேக்டரியில் எதற்கும் எம்.சி., அதாவது டாக்டர் சான்றிதழ், வைத்தால்தான் செல்லும். ஒரு நாள் வராவிட்டாலும் எம்.சி., அரை நாளுக்கும் எம்.சி. அதே புத்தியில், "எனக்குத் தெரிஞ்ச கிளினிக்ல முதுகுவலின்னு ஒரு எம்.சி. வாங்கிடலாம், உடம்பு காரணம்னா யாரும் மறுக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "இல்லாத நோயைச் சொல்லி ஒரு வருஷம் வாங்கிட்டு, அந்த வருஷம் முழுக்க அந்த நோயோட இருக்கணும்பா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது அவளும் நானும் சேர்ந்து எழுதியது. அதில் நான் பெரிய பெரிய காரணங்களைச் சேர்த்தேன். சமூக சேவை, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இலவச வகுப்பு, பண்பாட்டைக் காத்தல். பூக்கடையை 'பாரம்பரியக் கலை நிலையம்' ஆக்கிவிட்டேன். அக்கா கேட்டிருந்தால் வாழைநாரால் அடித்திருப்பாள். அதையும் பெரியவள் படித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது நான்காவது தயாராக இருந்தது. ஒரு பக்கம்கூட இல்லை.

அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். இடம் தந்ததற்கு நன்றி, நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். 2023க்குப் பதில் 2024 ஆகஸ்டில் சேர அனுமதி வேண்டும். இந்த ஒரு வருஷத்தில் ஜார்ஜ் டவுன் லெபோ குவீன் தெருவில் என் அத்தை நடத்தும் பூக்கடையில் முழுநேரம் வேலை செய்வேன். மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம்; அதில் 1,000 சேர்த்து என் பயணச் செலவை நானே பார்த்துக்கொள்வேன். இதுவரை இடைவிடாமல் படித்துவிட்டேன்; புத்தகம் இல்லாமல் கையால் ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். வேறு எந்தக் கல்லூரியிலும் பட்டப்படிப்பில் சேர மாட்டேன், வேறு எங்கும் விண்ணப்பிக்கவும் மாட்டேன். நிதியுதவிக்கான தாள்களை அடுத்த வருஷம் திரும்பவும் தருவேன். அந்த உதவி தொடருமா என்பதை, தயவுசெய்து, நான் முடிவெடுக்கும் முன் தெரிவிக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்பவர்கள் நாம், நாமே கேள்வி கேட்பதா? "இதை எடுத்துடும்மா" என்றேன். எடுக்கவில்லை. தவறிப்போய் அதை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. இடத்தைத் தள்ளிவைக்கச் சம்மதிப்பது ஒன்று, பணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதிப்பது வேறொன்று. பல இடங்களில் முதலாவது கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது.

அதை நாங்கள் உள்ளூரிலேயே அனுபவித்தோம். இங்கே ஓர் அறக்கட்டளை அவளுக்கு 5,000 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தது. தேதி மாறியதைச் சொன்னதும், "இது இந்த வருஷத்து மாணவர்களுக்கு, அடுத்த வருஷம் புதுசாக விண்ணப்பியுங்கள்" என்று இரண்டு வரி வந்தது. புதுசாக விண்ணப்பித்தோம். பதிலே இல்லை. அந்த 5,000 அக்கா கடையில் ஐந்து மாதச் சேமிப்பு.

கல்லூரி ஒன்பதாம் நாள் பதில் போட்டது. அதையும் காலையில்தான் பார்த்தோம். சம்மதம். 2024 ஆகஸ்டில் உனக்கு இடம் உண்டு, நிதியுதவியும் அதே முறையில் கணக்கிடப்படும், ஆனால் வருமானத் தாள்களைப் புதுசாகத் தர வேண்டும், அடுத்த பிப்ரவரிக்குள் வருகிறாயா என்று உறுதி சொல்ல வேண்டும், வேறு எங்கும் பட்டப்படிப்பில் சேரக் கூடாது. நான் அதை அலுவலகத்தில் இரண்டு பிரதி அச்செடுத்தேன். ஒன்றை வீட்டில் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பிளாஸ்டிக் கோப்பில் வைத்தேன். இன்னொன்றை, சிரிக்காதீர்கள், பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால். 1989இல் என் கையில் இல்லாதது இந்த ஒரு தாள்தான்.

வேறு எங்கும் சேரக் கூடாது என்ற நிபந்தனை சும்மா ஒரு வரி என்று நினைத்தேன். இல்லை. நடுவில், அரசு பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. வழியாக இங்கே ஒரு பொதுப் பல்கலைக்கழகத்திலும் அவளுக்கு இடம் வந்தது; எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே போட்டு வைத்திருந்தோம். மனைவிக்கு ஆசை. "ஒரு வருஷம் இங்க படிச்சுட்டு அங்க போனா என்ன? சும்மா பூக்கட்டறதுக்கு அது தேவலையே" என்றாள். அங்கே சேர்ந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில் அவள் புதிய மாணவியே இல்லை, வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவள் ஆகிவிடுவாள். தந்த சம்மதம் செல்லாது. மனைவிக்கு இதைப் புரியவைக்க இரண்டு இரவு ஆயிற்று. அந்த இடத்தை ஏற்காமல் விட்ட நாளில் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நானும் ஒரு நிபந்தனை போட்டேன். கப்சாய் கதையை முதல் முறையாகப் பிள்ளைகளிடம் சொன்னேன், கத்தரிக்காய்க் கடை உட்பட. சொல்லிவிட்டு, "இந்த ஒரு வருஷம் தவணையில எதையும் வாங்கக் கூடாது. ஒரு ஃபேன்கூட" என்றேன். சின்னவன்தான் கேட்டான், அந்த பைக் இப்போது எங்கே என்று. 1997இல் திருடு போனது.

அக்கா கடை லெபோ குவீன் தெருவில், மகாமாரியம்மன் கோவிலிலிருந்து கூப்பிடு தூரம். கடை என்றால் கடைவீட்டு முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு மேசை, நான்கு வாளி, ஐஸ் பெட்டி, அவ்வளவுதான். காலை ஐந்தரைக்குப் பூ வரும். கேமரன் மலையிலிருந்து செவ்வந்தி, அது அட்டைப்பெட்டியில். மல்லிகை ஈரத்துணியில். முதல் மாதம் பெரியவள் கட்டிய சரத்தை அக்கா விற்கவே இல்லை. இரண்டு இரண்டாக எதிரும் புதிருமாய் வைத்து நாரைச் சுற்றி இழுக்கும்போது, இழுப்பு லேசாக இருந்தால் சரம் தொங்கும், காம்பு வெளியே தெரியும். அழுத்தி இழுத்தால் மொட்டு ஒடியும். "நெருக்கிக் கட்டு, ஆனா கழுத்தை நெரிக்காதே" என்பாள் அக்கா. ஒரு முழம் கட்ட அவளுக்கு இருபது நிமிஷம், அக்காவுக்கு மூன்று. வீட்டுக்கு வந்தால் ஆள்காட்டி விரலில் நார் அறுத்த கோடு. என் அப்பாவின் கையில் பால்கத்தி போட்ட கோடு இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணெய் தடவிவிட்டேன்.

பணக் கணக்கு நினைத்தபடி போகவில்லை. அவளுக்கு வேண்டிய விசாக் கட்டணம் அப்போது 185 டாலர், அதற்கு முன் கட்ட வேண்டிய மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். 2024 பிப்ரவரியில் வெள்ளி சரிந்து டாலருக்கு 4.80ஐத் தொட்டது, 1998 நெருக்கடிக்குப் பிறகு இவ்வளவு கீழே போனதில்லை. அந்த இரண்டு கட்டணமே 2,500 வெள்ளிக்கு மேல் வந்தது. ஒரு வருஷம் தள்ளியதால் வெள்ளியில் கொஞ்சம் நஷ்டம்தான். விமான டிக்கெட்டையும் சேர்த்தால் அவள் சேமிப்பில் மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கூட்டுறவுக் கடன் வாங்கவில்லை.

அதற்கு முன், 2023 செப்டம்பரில் ஒரு நாள் பிராங்கின் மாலில் இருந்து பெரியவள் போன் செய்தாள். "அப்பா, ஒரு போன் பார்த்தேன். இருபத்துநாலு மாசம், மாசம் 89 வெள்ளி." என் வாயில் வார்த்தை வரவில்லை. மறுமுனையில் சிரிப்பு. "சும்மா கேட்டேன். பழைய போன் ஒண்ணு, 400 வெள்ளி, காசு கொடுத்து வாங்கிட்டேன்." இப்படியும் ஒரு பிள்ளை.

தங்கச்சி மகனுக்கு இதில் எது பொருந்தும் என்று யோசித்துப் பார்த்தேன். இங்கிலாந்துக்கு முறை வேறு. அங்கே யு.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும்போதே அடுத்த வருஷம் சேருவதாகக் குறித்திருக்கலாம். அவன் குறிக்கவில்லை, இடமும் வந்துவிட்டது, அதனால் நேராக அந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும். சம்மதிப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். கட்டணம் அடுத்த வருஷத்துக் கட்டணமாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு விசாவுக்கான சேர்க்கை உறுதி எண்ணை இப்போதே வாங்கிவிடாதே என்றேன். அதற்கு ஆறு மாதம்தான் ஆயுள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழுக்கும் அதே ஆறு மாதம்தான். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு இரண்டு வருஷம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள் என்றேன். அப்புறம், "அந்த ஒரு வருஷம் நீ என்ன செய்யப் போறே?" என்று கேட்டேன். "இன்னும் யோசிக்கல மாமா, முதல்ல லெட்டர் அனுப்பிடலாம்னு" என்றான். யோசித்துவிட்டு எழுது என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

பெரியவள் இப்போது அங்கே இரண்டாம் வருஷம். 2024 ஆகஸ்டில் பினாங்கு விமான நிலையத்துக்குப் போகும் வழியில் என் ஃபேக்டரியைத் தாண்டித்தான் போனோம். காரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவள் பெட்டி எடை கூடிவிட்டதா என்பதுதான் பேச்சு.

நான் நினைத்துக்கொண்டிருப்பது அதற்கு ஏழு மாதம் முந்திய ஒரு விடியற்காலை. ஜனவரி 23. தைப்பூசத்துக்கு இரண்டு நாள். லீவு போட்டுவிட்டு நானும் கடைக்கு உதவிக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை ரதம் புறப்பாடு. அஞ்சடி முழுக்க வாளி, தெரு முழுக்க தேங்காய் மூட்டை. மாலை கேட்டு வந்தவர்கள் வரிசை அடுத்த கடை வாசல் வரை. பெரியவள் மேசைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள்; ஒரு முழத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் போன் ஐஸ் பெட்டி மேல் இருந்தது. சத்தம் கேட்டு எடுத்துப் பார்த்தேன். கல்லூரி. வருகிறாயா, பிப்ரவரிக்குள் உறுதி சொல் என்று நினைவூட்டியிருந்தார்கள்.

எனக்கு ஒரு நிமிஷம் கை நடுங்கியது. அவளைப் பார்த்தேன், அந்த வரிசையைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையைத் தூக்காமலேயே, "என்னவாம்?" என்றாள்.

"காலேஜ். வர்றியான்னு கேக்கறாங்க."

பெரியவளுக்கு இரண்டு கையும் ஈரம், பல்லில் நார். அதைக் கடித்து அறுத்துவிட்டு, "வர்றேன்னு எழுதுங்கப்பா" என்றாள்.

அஞ்சடித் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு ஆங்கிலத்தில் தட்டினேன். அனுப்புவதற்கு முன் காட்டு என்றாள். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். படித்துவிட்டு, ஈரமான சுண்டுவிரலால் முதல் வரியை அழித்தாள்.